இறக்கைக்கு ஆயுள் கணிப்பது யார்?

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி

“கட்டிய வீட்டுக்குப் பழுது சொல்வார் பலர்” என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. பழுது வந்த பின்பு அதைச் சுட்டிக்காட்டிக் குறை சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை. தெருவுக்கு நால்வர் கிடைப்பார்கள். ஆனால் பழுது வருவதற்கு முன்பே, இன்ன இடத்தில், இத்தனை ஆண்டுகளுக்குப் பின், இன்ன விதமாக விரிசல் விழும் என்று சொல்லக்கூடியவர் உண்டா? உண்டு என்கிறார்கள் பொறியாளர்கள். அவர் மனிதர் அல்லர். கணிப்பொறிக்குள் ஓடும் ஒரு மென்பொருள். கூட்டுப்பொருளால் செய்த விமானம், ராக்கெட், காற்றாலை இறக்கை ஆகியவற்றுக்கு எப்போது, எங்கே சேதம் வரும், எத்தனை காலம் உழைக்கும் என்று கணக்கிட்டுச் சொல்வது அதன் வேலை.

தோழியரே, இது ராக்கெட் விடுகிறவர்களின் கவலை, மஞ்சளும் மரவள்ளியும் விளைகிற நாமகிரிப்பேட்டைக்கு இதனால் என்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஆண்டகளூர் கேட் பக்கம் சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலையில் நின்றவர்கள், வால் முளைத்தது போல நீளும் வண்டியில் காற்றாலை இறக்கை தெற்கே போவதைப் பார்த்திருக்கக்கூடும். என் பெரியப்பா மகன் அந்த இறக்கைகளைப் பராமரிக்கும் வேலையில் உடுமலைப்பேட்டைப் பக்கம் இருக்கிறார். கயிற்றில் தொங்கியபடி இறக்கையை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பது அவருடைய தொழில். ஆகவே எங்கள் குடும்பத்துக்கு ஓர் இறக்கையின் ஆயுள் எத்தனை என்பது வெறும் பொது அறிவுக் கேள்வியன்று.

கூட்டுப்பொருள் என்ற சொல்தான் புதிது. மண் சுவர் வைக்கும்போது வைக்கோலைப் போட்டு மிதித்துக் குழைப்பதை நம் பாட்டிமார் அறிவார்கள். மண் மட்டும் காய்ந்தால் வெடித்துவிடும். வைக்கோல் மட்டும் இருந்தால் சுவராக நிற்காது. இரண்டும் சேர்ந்தால் மண் தாங்க, வைக்கோல் இழுத்துப் பிடிக்க, சுவர் பல மழையைக் கடந்து நிற்கும். மூங்கிலும், நம் உடம்பிலுள்ள எலும்பும் இயற்கை செய்த கூட்டுப்பொருள்களே. காற்றாலை இறக்கையில் வைக்கோலுக்குப் பதில் கண்ணாடி இழை. மண்ணுக்குப் பதில் கெட்டியாகும் பிசின். நீண்ட பெரிய இறக்கைகளில் கரி இழையும் சேர்ப்பதுண்டு. எடை குறைவு, வலு அதிகம் என்பதே இதன் பெருமை. அக்னி ஏவுகணைக்காக உருவான இத்தகைய பொருளைக் கொண்டு டாக்டர் அப்துல் கலாமின் குழுவினர், ஐதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனத்துக்கு வந்த போலியோ பாதித்த குழந்தைகளுக்கு நடைக்கருவி செய்து கொடுத்தார்கள். 3 கிலோ எடையுள்ள உலோகக் கருவியைக் காலில் கட்டி இழுத்த குழந்தைகள், 300 கிராம் கருவியுடன் ஓடினார்கள். இந்த ஒன்றுக்காகவே கூட்டுப்பொருளுக்கு ஒரு வணக்கம் வைக்கலாம்.

ஆனால் அதற்கு ஒரு குணக்கேடு உண்டு. இரும்பு துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். ஒடிவதற்கு முன் பெரும்பாலும் வளைந்து காட்டும். கூட்டுப்பொருள் தன் நோயை உள்ளேயே மறைத்து வைக்கும். முதலில் பிசினில் மயிரிழை விரிசல்கள் தோன்றும். பிறகு ஒட்டியிருந்த அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். கடைசியில் இழைகள் முறியும். மேலே பூசிய வண்ணம் மட்டும் கல்யாண வீடு போலப் பளபளவென்றிருக்கும். வேலையின்போது ஒரு சுத்தியல் தவறி விழுந்தாலும் போதும். வெளியே சிறு பள்ளம்கூட இராது, உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு அடுக்குகள் விட்டுப்போயிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க என் அண்ணன் செய்வது மிக எளிய காரியம். தட்டிப் பார்க்கிறார். “நல்ல எடத்துல தட்டுனா டக்குனு கேக்கும் பாப்பா. விட்டுப்போன எடத்துல பொத்துனு கேக்கும்” என்பார். சந்தையில் பானையைச் சுண்டிப் பார்த்து வாங்கும் அம்மாவுக்குத் தெரிந்த வித்தைதான் இது. விமானத் தொழிலிலும் நாணயத்தால் தட்டிப் பார்க்கும் பழக்கம் உண்டு என்று படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. ஒலி அலைகளைச் செலுத்திப் பார்க்கும் கருவிகள் வந்த பின்பும் காது ஓய்வு பெறவில்லை.

தட்டிப் பார்ப்பது இன்றைய நிலையைச் சொல்லும். நாளைய நிலையைச் சொல்லத்தான் மென்பொருள். நம் பக்கத்தில் ஆயுள் கணிக்க ஜாதகக் கட்டத்தை விரிப்பார்கள். பொறியாளர்களும் கட்டம்தான் விரிக்கிறார்கள். ஆனால் பன்னிரண்டு கட்டம் அவர்களுக்குப் போதாது. ஓர் இறக்கையை லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகக் கணிப்பொறிக்குள் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை அடுக்கு, எந்த அடுக்கில் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது, பிசினின் வலு எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கிறார்கள். பிறகு காற்று தள்ளும் விசையைக் கொடுத்தால், ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தை எவ்வளவு இழுக்கிறது, அழுத்துகிறது என்று மென்பொருள் கணக்கிடுகிறது. தாங்காத கட்டத்தைப் பழுதானது எனக் குறித்து, அதன் சுமையை அண்டைக் கட்டங்களுக்கு மாற்றி, மறுபடி கணக்கிடுகிறது. கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் படுத்துவிட்டால் அவர் வேலை மற்றவர் தலையில் விழுவது போலத்தான். அமெரிக்காவின் நாசா 1960களில் இம்முறையில் ‘நாஸ்ட்ரான்’ என்ற மென்பொருளை எழுதச் செய்தது. நம் நாட்டில் திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் ‘ஃபீஸ்ட்’ என்ற பெயரில் சொந்தமாகவே ஒன்றை உருவாக்கியிருக்கிறது. கோவைக்கு அருகே சூலூரில் நிற்கும் தேஜஸ் போர் விமானத்தின் உடற்கட்டு எடையில் 45 சதவீதம் கரி இழைக் கூட்டுப்பொருள். அது 2001 ஜனவரி 4ஆம் நாள் முதன்முதலாகப் பறந்ததற்குப் பின்னால் இத்தகைய கணக்குகளும், பெங்களூர் ஆய்வகங்களில் செய்த சோதனைகளும் இருக்கின்றன.

ஒரே ஒரு பெருங்காற்றைத் தாங்குமா என்பது ஒரு கேள்வி. ஓயாமல் அசைந்தால் எத்தனை நாள் தாங்கும் என்பது வேறு கேள்வி. ஒரு கம்பியை ஒரு முறை வளைத்தால் ஒடியாது, இப்படியும் அப்படியும் இருபது முறை வளைத்தால் ஒடியும் அல்லவா? அதைப் பொருளின் களைப்பு என்கிறார்கள். பெரிய காற்றாலை நிமிடத்துக்கு 15 சுற்றுச் சுற்றுவதாக வைத்துக்கொண்டு நான் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு நாளுக்கு 21,600 சுற்று. ஓர் ஆண்டுக்கு 78,84,000. இருபது ஆண்டுகளுக்கு 15 கோடியே 76 லட்சத்து 80 ஆயிரம். காற்றில்லாத காலத்தைக் கழித்துச் சரிபாதியாக்கினாலும் 7 கோடியே 88 லட்சத்துக்கு மேல் வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை தன் எடையாலேயே ஒரு முறை இந்தப் பக்கமும் ஒரு முறை அந்தப் பக்கமும் வளைகிறது. பழைய சிறிய காற்றாலைகள் இன்னும் வேகமாகச் சுற்றுகிறவை. அவற்றின் எண்ணிக்கை இதையும் தாண்டும்.

இதற்கு ஒரு விதி உண்டு. ஸ்வீடன் நாட்டுப் பாம்கிரென் 1924இலும் அமெரிக்காவின் மைனர் 1945இலும் சொன்னது. ஒரு பொருள் குறிப்பிட்ட சுமையை லட்சம் முறை தாங்கும் என்றால், ஒவ்வொரு முறையும் அதன் ஆயுளில் லட்சத்தில் ஒரு பங்கு செலவாகிறது. பெரிய சுமைக்குப் பெரிய பங்கு, சிறிய சுமைக்குச் சிறிய பங்கு. எல்லாப் பங்குகளையும் கூட்டினால் ஒன்று வரும் நாளில் ஆயுள் முடிந்தது. கேட்பதற்கு நெல் குதிர் காலியாவது போல எளிதாக இருக்கிறது. உலோகத்துக்கு ஓரளவு பொருந்தும் இவ்விதி கூட்டுப்பொருளில் அடிக்கடி சறுக்குகிறது. பெரிய அடி முதலில் விழுந்து சிறிய அடிகள் பின்னால் வருவதும், சிறியவை முதலில் வந்து பெரியது பின்னால் விழுவதும் அதற்கு ஒன்றல்ல. பட்ட அடியின் வரிசையும் அதற்கு நினைவிருக்கிறது. (மனிதர்களிலும் அப்படிச் சிலர் உண்டு.)

ஆக, மென்பொருள் சொல்வதை எவ்வளவு நம்பலாம்? இதை அறிய உலகப் பொறியாளர்களுக்கே ஒரு தேர்வு வைத்தார்கள் என்றால் நம்புவீர்களா? 1990களில் பிரிட்டனைச் சேர்ந்த ஹின்டன், சோடன், கடூர் என்ற மூவர் இதை ஏற்பாடு செய்தார்கள். கூட்டுப்பொருள் எப்போது உடையும் என்பதற்குப் பலர் பல கொள்கைகளை வகுத்திருந்தார்கள். அக்கொள்கைகளை வகுத்தவர்களையே பெரும்பாலும் அழைத்து, 14 கேள்விகளைக் கொடுத்தார்கள். பொருளின் விவரம் உண்டு; சோதனைச் சாலையில் கிடைத்த விடை மட்டும் மறைத்து வைக்கப்பட்டது. அவரவர் கணிப்பு முதலில் 1998இல் அச்சேறியது. உண்மை விடையோடு ஒப்பிட்டது பிறகு 2002இல் வந்தது. முடிவில் மொத்தம் 19 கொள்கைகள் திருத்தப்பட்டன.

விடைத்தாள்களைப் பார்த்த உலகம் சற்று அதிர்ந்தது. ஒரே பொருளுக்கு ஒருவர் சொன்ன வலுவும் மற்றவர் சொன்ன வலுவும் சில கேள்விகளில் பல மடங்கு வேறுபட்டன. எல்லாக் கேள்விகளிலும் சரியாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. சில கொள்கைகள் நன்றாகத் தேறின, பல தடுமாறின. அதுவும் ஒரே முறை சுமையேற்றி உடைக்கும் கேள்விகளுக்கே இந்தக் கதி. கோடி முறை அசைந்தால் என்னாகும் என்பது அதனினும் கடினமான பாடம்.

இதைப் படித்துவிட்டு மென்பொருளைத் தூக்கி எறியச் சொல்வார் சிலர். நான் அப்படி நினைக்கவில்லை. தங்கள் விடைத்தாளை ஊரறியத் திருத்தக் கொடுத்தவர்களை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. தவறிய இடம் தெரிந்ததால்தான் அடுத்து வந்த மென்பொருள்கள் மேம்பட்டன. பொதுத் தேர்வை எதிர்நோக்கி நிற்கும் நமக்கு அந்தத் துணிவின் அருமை தெரியாதா என்ன?

கணக்கைச் சோதனையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் எவ்வளவு பெரிய காவல் என்பதற்கு ஒரு சான்று போயிங் 787 விமானம். அதன் எடையில் பாதி கூட்டுப்பொருள். பறக்கும் முன்பு தரையில் வைத்து இறக்கையை மேல்நோக்கி வளைத்துச் சோதித்தார்கள். இறக்கை உடலோடு சேரும் இடத்தில், கணிப்பு சொன்னதற்கு மேல் அழுத்தம் ஏறி அடுக்குகள் பிரிந்தன. உலகமே காத்திருந்த முதல் பறப்பை 2009 ஜூனில் தள்ளிவைத்தார்கள். அந்த இடத்தைப் பலப்படுத்தி, டிசம்பர் 15ஆம் நாள்தான் பறக்கவிட்டார்கள். ஆறு மாதத் தாமதத்தால் பணமும் பெயரும் போயிருக்கும். ஆனால் விரிசல் தரையிலேயே தெரிந்தது, வானத்தில் அன்று.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. டைட்டானிக் கப்பலைப் பார்க்க ஆழ்கடலுக்குச் சென்ற ‘டைட்டன்’ என்ற சிறு கலம் 2023 ஜூன் 18ஆம் நாள் நசுங்கி, உள்ளே இருந்த ஐவரும் இறந்தார்கள். அதன் உருளை உடல் கரி இழையால் ஆனது. இழைகள் முறியும் ஓசையைக் கேட்கும் கருவிகளை அதில் பொருத்தியிருந்தார்கள். ஆபத்து வந்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்பது நிறுவனத்தின் பேச்சு. முந்தைய ஆண்டு 2022 ஜூலையில் ஒரு முழுக்கு முடிந்து மேலே வரும்போது பெரும் சத்தம் கேட்டது. அதன்பின் கருவிகளின் பதிவும் மாறியது. அப்படியிருந்தும் கலத்தை நிறுத்தி அறுத்துப் பார்க்கவில்லை; கனடாவின் குளிர்காலத்தைத் திறந்தவெளியில் கழிக்கவிட்டு, மறு ஆண்டு மீண்டும் கடலில் இறக்கினார்கள். கருவி தன் கடமையைச் செய்தது. கேட்க வேண்டிய காது கேட்கவில்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2025 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, இது தவிர்த்திருக்கக் கூடிய விபத்து என்றே சொல்கிறது.

இனி நம் காற்றாலைகளுக்கு வருகிறேன். இறக்கையிலேயே ஒரு பாடம் அண்மையில் கிடைத்தது. அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அப்பால் கடலில் நின்ற ஒரு காற்றாலையில், 107 மீட்டர் நீள இறக்கை ஒன்று 2024 ஜூலை 13ஆம் நாள் ஒடிந்தது. துண்டுகள் கரையில் ஒதுங்கிக் கடற்கரைகளை மூட வேண்டியதாயிற்று. அது கிழட்டு இறக்கையன்று, புத்தம் புதியது. ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டு சரியாகப் பிடிக்கவில்லை என்றும், ஆலைப் பரிசோதனையிலேயே அது தெரிந்திருக்க வேண்டும் என்றும் தயாரித்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. கணிப்பொறிக்கு என்ன சொல்லியிருப்பார்கள்? ஒட்டு நன்றாக இருக்கிறது என்றுதானே சொல்லியிருப்பார்கள்? நாம் சொல்லாத பழுதை அது எப்படி அறியும்?

தமிழ்நாட்டில் 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் காற்றாலைகள் நிறுவப்பட்டன. பிறகு முப்பந்தல், ஆரல்வாய்மொழி, கயத்தாறு, உடுமலை, பல்லடம் என்று பரவி, இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேல் வந்துவிட்டது. 1990களில் நட்ட 225 கிலோவாட் காற்றாலைகள் பல இன்னமும் சுற்றுகின்றன. அவற்றின் இறக்கை 13, 14 மீட்டர் நீளந்தான். இப்போது வருபவை 70 மீட்டரையும் தாண்டுகின்றன. பொதுவாகக் காற்றாலையை 20 ஆண்டு உழைக்கும்படி வடிவமைப்பது வழக்கம். அந்த வயதைக் கடந்தவற்றை என்ன செய்வது என்பதற்காகவே, மாற்றுவது, புதுப்பிப்பது, ஆயுளை நீட்டிப்பது பற்றித் தமிழக அரசு 2024இல் ஒரு தனிக் கொள்கை வெளியிட்டது.

இதில் இரண்டு கட்சி இருக்கிறது. வயதாகிவிட்டது, எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் புதியதை நடு என்பது ஒன்று. சுற்றுகிற வரை சுற்றட்டும் என்பது மற்றொன்று. முதல் கட்சியிடம் நான் கேட்பது: இந்த இறக்கையை உருக்கி மறுபடி வார்க்க முடியாது, கெட்டியான பிசின் மீண்டும் உருகாது. அமெரிக்காவில் மண்ணைத் தோண்டி வரிசையாகப் புதைத்தார்கள். ஜெர்மனியில் நொறுக்கிச் சிமெண்டுச் சூளையில் போடுகிறார்கள். இன்னும் பத்தாண்டு உழைக்கக்கூடிய இறக்கையைக் காலண்டரைப் பார்த்துக் குப்பையாக்குவது நியாயமா? இரண்டாம் கட்சியிடம் கேட்பது: அந்தக் காற்றாலையின் அடியில் ஆடு மேய்கிறது, வெள்ளாமை நடக்கிறது, என் அண்ணனைப் போன்றவர்கள் கயிற்றில் தொங்குகிறார்கள். சுற்றுகிறது என்பது மட்டுமே ஆரோக்கியத்துக்குச் சான்றாகுமா? கடைசிச் சுற்று வரைக்கும் எல்லா இறக்கையும் சுற்றத்தான் செய்யும்.

இருபது வயதான இரண்டு இறக்கைகள் ஒரே வயதுடையவை ஆகா. “ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்” என்பார்கள். நம் காற்று ஆண்டு முழுதும் சீராக வீசுவதன்று. தென்மேற்குப் பருவத்தில் சில மாதங்களில் பெரும்பகுதியைக் கொட்டிவிடும். கணவாயின் வாயில் நின்ற காற்றாலை வாங்கிய அடி வேறு, ஒதுங்கி நின்றது வாங்கிய அடி வேறு. முப்பந்தலுக்குக் கடல் அருகில். பல்லடத்தில் வெயிலும் புழுதியும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பிசின் இளகி, அழுத்தத்தைத் தாங்கும் வலு குறையும் என்பது ஆய்வுக்கூடங்களில் உறுதியான செய்தி. இறக்கையின் நுனி மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் விரையும்போது மழைத்துளியும் மணல்துகளும் உளி போலச் செதுக்கும். மின்னல் விழுந்ததா, எங்கே ஒட்டுப் போட்டார்கள், எவ்வளவு நாள் நிறுத்தி வைத்தார்கள் என்பதெல்லாம் அதன் வாழ்க்கை வரலாறு. இவ்வளவையும் சொன்னால் மென்பொருள் ஓரளவு உண்மையான பதிலைத் தரும். ஒன்றும் சொல்லாமல், வெளிநாட்டுக் குளிர் காற்றுக்கு எழுதிய எண்களைக் கொடுத்துவிட்டு ஆயுள் கேட்டால், பிறந்த நேரம் தெரியாமல் ஜாதகம் எழுதின கதைதான்.

அந்த வரலாறு எங்கே இருக்கிறது? என் அண்ணன் சொன்ன ஒரு நிகழ்ச்சியைத் தருகிறேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. ஒரு காற்றுக் காலத்தில் இறக்கையின் பின்விளிம்பு ஒட்டில் ஒரு முழ நீளத்துக்கு வாய் பிளந்திருப்பதைக் கண்டு படமெடுத்து அனுப்பினார். “சீசன் முடியட்டும் தம்பி, அப்புறம் பாத்துக்கலாம்” என்று பதில் வந்தது. காற்று அடிக்கும் மாதங்களில்தானே வருமானம்! சீசன் முடிந்தது, ஒட்டுப் போட்டார்கள், விபத்து ஏதும் நடக்கவில்லை. பெரியம்மா மட்டும் அந்த மூன்று மாதமும் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் அந்த விரிசல் எந்த நாளில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு வளர்ந்தது என்ற கணக்கு எங்கும் ஏறவில்லை. அண்ணனின் பழைய கைப்பேசியோடு அந்தப் படமும் போய்விட்டது. உலகின் எந்த விலையுயர்ந்த மென்பொருளாலும் விலைக்கு வாங்க முடியாத ஒரு செய்தி அது.

ஆகவே என் கருத்து இதுதான். கைக்குழந்தைக்குத் தடுப்பூசி அட்டை இருப்பது போல ஒவ்வோர் இறக்கைக்கும் ஓர் ஏடு வேண்டும். மேலே ஏறித் தட்டிப் பார்த்தவர் தன் கையாலேயே அதில் எழுத வேண்டும். கீழே அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் அதை அடிக்கக் கூடாது. ஆயுளை நீட்டிக்க அனுமதி கேட்பவர் அந்த ஏட்டையும், அதைக் கொண்டு போட்ட கணக்கையும் சேர்த்துக் காட்ட வேண்டும். சென்னைப் பள்ளிக்கரணையில் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது. கயத்தாற்றில் அதற்குச் சோதனை நிலையமும் இருக்கிறது. ஏடுகளின் படிகள் அங்கே ஓரிடத்தில் சேர்ந்தால், நம் காற்றுக்கும் நம் வெயிலுக்கும் உரிய எண்கள் நம்மிடமே இருக்கும். நிறுத்து என்று மேலே இருப்பவர் சொன்னால் நிறுத்தியே ஆக வேண்டும் என்ற விதியும் வேண்டும். இல்லாவிட்டால் டைட்டன் கலத்தின் கருவி போல அவரும் வெறும் பதிவுக் கருவிதான்.

இதற்கெல்லாம் செலவாகுமே, பழைய சிறு காற்றாலை வைத்திருக்கும் நூற்பாலைக்காரர் எங்கே போவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 225 கிலோவாட் எந்திரத்துக்குப் போர் விமானத்துக்குரிய பரிசோதனை செய்யச் சொன்னால் அவர் நாளைக்கே விற்றுவிடுவார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டியதில்லை என்பதே என் விடை. ஒரே ஆலையில் செய்து, ஒரே கணவாயில், ஒரே ஆண்டில் நட்ட காற்றாலைகள் கூட்டங்கூட்டமாக நிற்கின்றன. எப்படியும் அவற்றில் சிலவற்றை இறக்கத்தான் போகிறார்கள். இறக்கியவற்றை உடனே நொறுக்கிவிடாமல், நன்றாக இருக்கும் பகுதியிலும் களைத்த பகுதியிலும் துண்டுகள் வெட்டி, இழுத்தும் வளைத்தும் அசைத்தும் உடைத்துப் பார்க்கட்டும். மீதி எவ்வளவு வலு இருந்தது என்று தெரிந்தால், மென்பொருள் சொன்னது சரியா என்பதும் தெரியும். இன்னும் நின்று சுற்றும் அதன் உடன்பிறப்புகளுக்கு எத்தனை நாள் என்பதையும் துணிந்து சொல்லலாம். இருபத்தைந்து ஆண்டு தமிழ்நாட்டுக் காற்றையும் வெயிலையும் தின்ற ஒரு பொருளை எந்த ஆய்வுக்கூடத்திலும் அவசரமாகச் செய்ய முடியாது. நம்மிடம் அது கேட்பாரற்றுக் கிடக்கிறது.

சேலம் கருப்பூரில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. நாமக்கல், ஈரோடு, கோவைப் பக்கம் திரும்பிய இடமெல்லாம் பொறியியல் கல்லூரிகள். பொருளை இழுத்து உடைத்துப் பார்க்கும் எந்திரம் அங்கெல்லாம் பாடத்துக்காகவே வைத்திருப்பார்கள். இன்னும் சில ஆண்டுகளில் நம்மில் எத்தனையோ பேர் அந்த வகுப்புகளில் உட்காரப் போகிறோம். வழக்கமான இரும்புக் கம்பிக்குப் பதிலாக, உடுமலையில் இறக்கிய ஓர் இறக்கையிலிருந்து ஒரு சாண் துண்டை மாணவியர் கையில் கொடுத்தால் போதும். அதற்கு விலை கேட்டு யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். பழைய இரும்புக் கடைக்காரர்கூட அதை எடைக்கு எடுத்துக்கொள்வதில்லை.